இணையம் இயங்குமாறு

‘இணையம்’ என்னுஞ் சொல்லைக் கேளாதார் இன்று நம்மவருள் இலர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வதியும் பழைய மாணவர் தம் வகுப்புத் தோழருடன் நாடோறும் உரையாடுவதும், இம்மலருக்குரிய கட்டுரைகள் தாளிற் படாமலே மலர்க்குழுவினரை வந்தடைவதும், ஓய்வூதியம் பெறும் முதியோர் வங்கிக்குச் செல்லாமலே தம் கணக்கைப் பார்ப்பதும் அதனாலேயே நிகழ்கின்றன. ஆயினும், ‘இணையமாவது யாது? அஃது எங்கே இருக்கின்றது?’ என ஒருவர் வினவுவாராயின், தயங்காது விடை கூறுவார் நம்முட் சிலரேயாவர்.

யான் கற்பிக்கும் வகுப்பொன்றில் ஒருநாள் இவ்வினாவை எழுப்பினேன். ‘வானத்தில்’ என்றான் ஒரு மாணவன். ‘கூகிளில்’ என்றான் மற்றொருவன். ‘ரவரில், சேர்’ என்றான் மூன்றாமவன். பாடசாலைக்கு அண்மையில் நிற்குங் கோபுரத்தைக் கையாற் சுட்டியுங் காட்டினான். இவற்றுள் எதனையும் முற்றாகப் பிழையெனத் தள்ளுதற்கில்லை. எனினும் எதுவும் விடையாகாது. கணனிப் பாடங் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இருக்க, தமிழாசிரியன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகை விளைக்கலாம். ஒன்றை நன்கறிந்தோர் அதனைப் பிறர்க்கு விளக்கும்போது, தாமும் ஒருகால் அறியாதிருந்தமையை மறந்துவிடுவதுண்டு. யான் அதனை இன்னும் மறக்கவில்லை. எனக்குள்ள தகுதி அவ்வளவே.

இணையத்தை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது எந்நூலுமன்று; என் சிறுபராயத்து நினைவொன்றேயாம். 1992 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமில்லை, தொலைபேசியில்லை. கனடாவிலிருந்த என் சித்தப்பா தம் தாயாருக்கு, அஃதாவது என் அப்பாச்சிக்கு, மாதம் இருமுறை கடிதம் எழுதுவார். அக்கடிதங்கள் கொழும்பு வரை விமானத்தில் வந்துவிடும். அங்கிருந்து எம்மூர்த் தபாற்கந்தோரை அடைவது, கப்பல் வருகையையும் பாதைத் தடைகளையும் பொறுத்தது. இரண்டு மாதம் ஒன்றும் வாராது. பின்பு ஒரே நாளில் நான்கு வரும். வைகாசியில் எழுதியது முந்தியும் சித்திரையில் எழுதியது பிந்தியும் வருவதுண்டு. ஒருமுறை வந்த கடிதத்தில், ‘முன்பு எழுதிய விடயம் இப்போது முடிந்துவிட்டது, கவலைப்பட வேண்டாம்’ என்றிருந்தது. முன்பு எழுதிய விடயம் யாதென்பது எமக்குத் தெரியாது. அக்கடிதம் வந்து சேரவில்லை. அப்பாச்சி இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. அஃது அவர் குடியிருந்த வீட்டின் வாடகை பற்றிய ஒரு சிறு பிணக்கென்பது மூன்று மாதத்தின் பின்னரே புலனாயிற்று.

இதனையறிந்த சித்தப்பா ஓர் உபாயஞ் செய்தார். ஒவ்வொரு கடிதத்தின் வலப்பக்க மூலையிலும் ஓர் எண்ணிடத் தொடங்கினார். அப்பாச்சிக்குக் கண்பார்வை குறைவாதலால், கடிதம் படிப்பவனும் மறுமொழி எழுதுபவனும் யானே. வந்த கடிதங்களை எண்ணொழுங்கில் அடுக்கிய பின்னரே படிப்பேன். மறுமொழியின் முதல் வரி எப்போதும் ஒரே வகையினதாக இருக்கும்: ‘12 வரை கிடைத்தது, 10 மட்டும் வரவில்லை.’ சித்தப்பா கரித்தாள் வைத்தெழுதிப் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருப்பார். வரவில்லையென்று நாம் எழுதியதை மீண்டும் அனுப்புவார். கிடைத்ததென்று அறிந்த பின்னரே அதன் பிரதியைக் கிழிப்பார்.

இணையம் இயங்கும் முறையின் பாதி இதில் அடங்கிவிட்டது. எண்ணிட்டு அனுப்புதல், வந்த ஒழுங்கை விடுத்து எண்ணொழுங்கில் அடுக்குதல், பெற்றமையை அறிவித்தல், அறிவிப்பு வாராதவிடத்து மீண்டும் அனுப்புதல் என்பனவே அம்முறை. இங்கு கருதற்பாலது ஒன்றுண்டு. தபாற்பகுதியினர் எமக்கு எவ்வித உறுதியும் அளித்திலர். இயன்றபோது சுமந்தனர், இயலாதபோது விட்டனர். நம்பத்தகாத வழியொன்றின் இரு முனைகளிலும் இருந்த இருவர் தம்முட் செய்துகொண்ட ஏற்பாட்டினாலேயே அது நம்பத்தக்கதாயிற்று. இணையத்தை ஆக்கியோர் கண்ட கருத்தும் இதுவேயாகும்.

அக்கருத்து எளிதில் எழுந்ததன்று. 1960 களில் தொலைபேசி இயங்கிய முறையை எண்ணிப் பார்ப்போமாக. யாழ்ப்பாணத்திலிருப்பவர் கொழும்பிலிருப்பவரோடு பேசும்போது, இருவர்க்குமிடையே ஒரு வழி முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசாது மௌனமாயிருப்பினும் அவ்வழியை மற்றொருவர் பயன்படுத்த இயலாது. இடையில் ஓரிடத்திற் கம்பி அறுந்தால் பேச்சும் அறும். அமெரிக்காவிற் போல் பரன் என்பாரும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே, ஏறத்தாழ ஒரே காலத்தில் வேறொரு முறையைச் சிந்தித்தனர். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்குக. ஒவ்வொரு துண்டிலும் சேரவேண்டிய முகவரியை எழுதுக. வழியிலுள்ள நிலையங்கள் அவ்வப்போது திறந்திருக்கும் பாதையில் அதனைத் தள்ளிவிடுக என்பது அம்முறை. பரன் கருதியது போரில் நிலையங்கள் சில அழியினும் எஞ்சியவை தொடர்ந்து இயங்கவேண்டும் என்பது. டேவிஸ் கருதியது விலையுயர்ந்த கணனியொன்றைப் பலர் சேர்ந்து பயன்படுத்தவேண்டும் என்பது. அத்துண்டுகளுக்கு ஆங்கிலத்தில் ‘பக்கெற்’ எனப் பெயரிட்டவர் டேவிஸே. நாம் ‘பொதி’ என்கிறோம்.

1969 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆந் திகதி கலிபோர்ணியாவில், லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துக் கணனியிலிருந்து ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்துக் கணனிக்கு முதன்முதலாக ஒரு செய்தி அனுப்பப்பட்டது. அனுப்ப முயன்ற சொல் ஐந்தெழுத்துடைய ‘லொகின்’ என்னும் ஆங்கிலச் சொல். ‘எல்’ சென்றது, ‘ஓ’ சென்றது, மூன்றாம் எழுத்தில் மறுமுனைக் கணனி செயலிழந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின் முழுச்சொல்லும் சென்றடைந்தது. இவ்வலையமைப்பு அணுகுண்டுப் போருக்கென ஆக்கப்பட்டது எனப் பலரும் எழுதுவர். அது சரியன்று. பணம் வழங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமேயாயினும், நோக்கம் ஆராய்ச்சியாளர் தம் கணனிகளைப் பகிர்ந்து பயன்படுத்துவதேயாகும்.

பின்னர் இத்தகைய வலைகள் பல தோன்றின. கம்பி வழியே ஒன்று, வானொலி அலை வழியே ஒன்று, செய்மதி வழியே ஒன்று என ஒவ்வொன்றும் தனித்தனி ஒழுங்குடையதாயிருந்தது. இவற்றை எல்லாம் ஒன்றாக்குதற்கு வின்ரன் சேர்வ், றொபேட் கான் என்னும் இருவர் 1974 இல் ஒரு பொது நடப்பொழுங்கை வெளியிட்டனர். நடப்பொழுங்காவது, இரு கணனிகள் தம்முட் பேசும்போது கைக்கொள்ளும் விதிமுறை. ‘உன் வலைக்குள் நீ எதனையுஞ் செய்க, பொதியின் மேல் முகவரியை மட்டும் இவ்வாறு எழுதுக’ என்பதே அதன் சாரம். 1983 ஆம் ஆண்டு சனவரி 1 ஆந் திகதி அவ்வலையிலிருந்த கணனிகள் யாவும் இவ்வொழுங்குக்கு மாறின. இணையத்தின் பிறந்தநாள் எனக் கூறத்தக்க நாள் அதுவே. இணையத்துக்கு உரிமையாளர் யாவர் என்னும் வினாவுக்கும் விடை இதிலேயே உண்டு. வடங்களுக்கு உரிமையாளர் உளர். நிலையங்களுக்கு உரிமையாளர் உளர். முகவரிகளைப் பங்கிடும் அமைப்புக்களும் உள. முழுமைக்கும் உரியவர் எவருமிலர். அவ்விதிமுறையை ஏற்று எந்த வலை சேரினும் அஃது இணையத்தின் பகுதியாகிவிடுகின்றது.

இனி, பொதியொன்றின் பயணத்தைக் காண்பாம். கைத்தொலைபேசியில் எடுத்த புகைப்படமொன்று 30 இலட்சம் பைற்று அளவினதென வைத்துக்கொள்வோம். பைற்று என்பது கணனி சேமிக்கும் எண்ணொன்றின் அளவு. 0 முதல் 255 வரையுள்ள எண்ணொன்று ஒரு பைற்றில் அடங்கும். இணையப் பொதியொன்று பெரும்பாலும் 1,500 பைற்றுக்கு மேற்படுவதில்லை. ஆகவே அப்படம் 2,000 க்கு மேற்பட்ட பொதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசையெண் ஆகியன பொறிக்கப்படும். அவை தொலைபேசியிலிருந்து வானொலி அலையாகக் கோபுரத்தை அடையும். ஆகவே, கோபுரத்தைக் காட்டிய மாணவன் பயணத்தின் முதற்படியைச் சரியாகவே காட்டினான். கோபுரத்தின் அடியிலிருந்து பெரும்பாலும் கண்ணாடி நார் வழியே சேவை வழங்குநரின் நிலையத்தை அடையும். அங்கே ‘வழிப்படுத்தி’ என்னும் பொறி உண்டு. அப்பொறிக்கு உலக வரைபடம் தெரியாது. ‘இவ்வகை முகவரியாயின் இந்தப் பக்கம்’ என்னும் அட்டவணை மட்டுமே அதனிடம் உண்டு. தபாற்கந்தோரிற் கடிதம் பிரிப்பவர் ரொறன்ரோவின் தெருக்களை அறியாமலே கனடாவுக்குரிய பையில் இடுவதுபோல, அதுவும் பொதியை அடுத்த வழிப்படுத்தியிடம் தள்ளிவிடும். பத்துப் பதினைந்து கைகள் மாறிப் பொதி உரிய இடத்தைச் சேரும். முகவரி தவறி வட்டமிட்டுக்கொண்டேயிருக்கும் பொதி என்னாகும் எனின், அதற்கும் வழி செய்துள்ளனர். ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுளெண் உண்டு. கைமாறுந்தோறும் அதில் ஒன்று குறையும். பூச்சியமானதும் பொதி எறியப்படும்.

இரு முனைகளும் எண்ணிப் பார்த்துக் காணாமற் போனதை மீண்டும் கேட்டுப்பெறும் என்றேன். நேருக்கு நேர் உரையாடுவதுபோற் பேசும்போது மட்டும் அவ்வாறு செய்வதில் பயனில்லை. அரை விநாடிக்கு முன் சொல்லிய அசையொன்று இப்போது வந்தால் அதனை எங்கே செருகுவது? ஆகையால் பேச்சிலும் அசையும் படத்திலும் தவறிய பொதி பெரும்பாலும் தவறியதாகவே விடப்படும். பேரப்பிள்ளையின் முகம் திடீரெனச் சதுரஞ் சதுரமாகச் சிதைவதும், ‘அம்மம்மா, சுகமா’ என்பதில் நடுவெழுத்துக்கள் விழுங்கப்படுவதும் இதனாலேயே.

முகவரி என்பது எண்ணாலானது. தொடக்கத்தில் வகுத்த முறைப்படி 4,294,967,296 முகவரிகளே இருக்கலாம். அன்று அது பெருந்தொகையாகத் தோன்றியது. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு முடிந்துவிட்டது. இப்போது மிக நீண்ட புதிய முகவரி முறையொன்றும் உடன் வழங்குகின்றது. எண்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலின் 1983 இல் பெயர் முறையொன்று வகுக்கப்பட்டது. இதனை ‘ஆள்களப் பெயர்’ என்பர். நாம் உறையின்மேல் முகவரி எழுதும்போது முதலில் ஆளின் பெயர், பின்பு ஒழுங்கை, ஊர், இறுதியில் நாடு என எழுதுகின்றோம். தபாற்காரர் கீழிருந்து மேலாகப் படிக்கின்றார். ஆள்களப் பெயரும் அத்தகையதே. இலங்கைப் பெயர்கள் பல ‘எல்கே’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களில் முடியும். 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் வழக்கிலுள்ளன. பெயரை வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படித்தால் அதன் குடும்பம் புலனாகும். இதனைச் சற்று நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு வேலையுண்டு.

நிற்க. வானத்தில் இருக்கின்றது என்ற மாணவனுக்கு வருவோம். செய்மதி வழியே பொதிகள் செல்வதுண்டு. 2025 இல் தாழ்வாகச் சுற்றும் செய்மதிகளின் சேவையொன்று இலங்கையிலும் தொடங்கியது. ஆனால் நாடுகளுக்கிடையே செல்லும் பொதிகளில் மிகப் பெரும்பகுதி கடலடியிலேயே செல்கின்றது. 2005 இல் நிறைவெய்திய நான்காந் தென்கிழக்காசிய – மேற்கைரோப்பிய வடம் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் நகர்வரை ஏறத்தாழ 18,800 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிளை கொழும்பிற் கரையேறுகின்றது. அதற்கடுத்த ஐந்தாம் வடம் 2016 இல் நிறைவெய்தியது. அது மாத்தறையிற் கரையேறுகின்றது. 2006 இல் கல்கிசையிலிருந்து தூத்துக்குடிக்கும் ஒரு வடம் இடப்பட்டது. ஆழ்கடலில் இவ்வடம் தோட்டத்துக்கு நீரிறைக்கும் இறப்பர்க் குழாயளவு பருமனே உடையது. அதன் நடுவில் தலைமயிரையொத்த கண்ணாடி நார்கள் சில. அவற்றினூடே ஒளி ஒரு விநாடிக்குள் கோடிக்கணக்கான முறை மின்னி அணைகின்றது. அம்மின்னலும் அணைவுமே நம் சொற்களும் படங்களும். நாரின் பக்கங்களில் மோதும் ஒளி வெளியேறாது உள்ளேயே தெறித்துத் தெறித்துச் செல்லும். கண்ணாடியில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். ஆகவே 10,000 கிலோமீற்றர் கடப்பதற்கு விநாடியின் இருபதிலொரு பங்கே செல்லும். தூய கண்ணாடியால் இஃது இயலுமென 1966 இல் எடுத்துக்காட்டிய சாள்ஸ் காவோ என்னும் அறிஞருக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. நாற்பத்து மூன்று ஆண்டு காத்திருந்தார்.

கடலடியிற் கிடக்கும் பொருளுக்குக் கடலாலும் கப்பலாலும் இடையூறு உண்டு. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நின்ற இந்தியக் கப்பலொன்றின் நங்கூரம் இழுபட்டு வடத்தைச் சேதப்படுத்தியது. இலங்கையின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதுந் தடைப்பட்டன. ‘வானத்தில்’ உள்ளதாக நாம் எண்ணுவது, நங்கூரமொன்று தடக்கியதும் நின்றுவிடக் கண்டோம். அதன்பின் வடங்கள் பல்கினமையால், ஒன்றறுந்தாலும் பொதிகள் மற்றொன்றின் வழியே சுற்றிச் செல்ல இயல்கின்றது. வழி ஒன்றேயாயின், பொதி முறையின் பெருமை ஏட்டளவில் நின்றுவிடும்.

நம் நாட்டில் இதன் தொடக்கம் 1990 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எழுந்த கல்வியாளரின் மின்னஞ்சல் வலையமைப்பாகும். பேராசிரியர் அபய இந்துருவ அதில் முன்னின்று உழைத்தவர். வணிகமுறையிலான இணையச் சேவை 1995 இல் தொடங்கியது. வடக்கில் வாழ்ந்த எம்மனோர்க்கு அஃது எட்டுதற்குப் பின்னும் பல்லாண்டு சென்றது.

எழுத்து எவ்வாறு எண்ணாகின்றது என்பது தமிழாசிரியர்க்குச் சுவையான பகுதி. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுக்கும் ‘யுனிக்கோட்’ என்னும் முறை 1991 இல் வெளிவந்தது. அதில் அகரத்தின் எண் 2949; ககரத்தின் எண் 2965. அதற்கு முன்பும், அதன் பின் பல்லாண்டும், நாம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களைக் கொண்டே தட்டச்சுச் செய்தோம். அவை ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை உடுத்திக் காட்டியவை. பாமினியில் ‘அம்மா’ என எழுதி அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் ஆங்கிலக் குறிகளே தோன்றும். அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்த நண்பர்க்குத் தமிழிற் கடிதம் அனுப்பி, ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்ற மறுமொழியை ஆங்கிலத்திற் பெற்றவர் பலர்.

யுனிக்கோட் முறையில் எனக்கு ஒரு குறையுண்டு. மெய்யெழுத்து முதலாவது, அதனோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கற்ற இலக்கணம். கணனியோ ‘க’ வை முதலாகக் கொண்டு, அதன்மேற் புள்ளியைத் தனி எண்ணாகச் சேர்த்து ‘க்’ ஆக்குகின்றது. ‘யாழ்ப்பாணம்’ என்பதில் இலக்கணப்படி எழுத்து ஆறு. கணனிக் கணக்கில் எண் பதினொன்று, அவற்றுக்குப் பைற்று முப்பத்து மூன்று. இதனை மாணவர்க்குக் கூறியபோது, ‘அப்படியென்றால் கணனி பரீட்சையிற் சித்தியடையாது, சேர்’ என்றான் ஒருவன். இயங்குவதற்கு இக்குறை தடையாகவில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். இன்று ரொறன்ரோவில் எழுதிய தமிழ் எழுத்து எழுத்தாகவே காரைநகரில் தோன்றுகின்றது.

‘கூகிளில்’ என்ற மாணவனின் விடையே எஞ்சியது. இணையம் வேறு, அதன்மேல் இயங்கும் சேவைகள் வேறு. புகையிரதப் பாதையும் அதன்மேல் ஓடும் வண்டியும் போல்வன அவை. மின்னஞ்சல் ஒரு வண்டி. வட்சப் ஒரு வண்டி. பக்கங்களை ஒன்றோடொன்று தொடுத்துக் காட்டும் ‘வலை’ மற்றொரு வண்டி. வலையை 1989 இல் ஜெனீவாவிலுள்ள அணுத்துகள் ஆய்வு நிலையத்திலிருந்து முன்மொழிந்தவர் ரிம் பேர்ணர்ஸ் லீ. 1993 ஏப்பிரல் 30 ஆந் திகதி அந்நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. கூகிள் அவ்வலையிலுள்ள பக்கங்களைத் தேடித் தருவது. பக்கங்கள் அதனுள் இருப்பன அல்ல. அவை உலகின் பல பாகங்களிலுமுள்ள ‘சேவையகம்’ எனப்படும் கணனிகளில் இருக்கின்றன. ‘முகிலில் வைத்திருக்கிறேன்’ எனச் சிலர் பெருமையோடு கூறுவர். அம்முகிலும் எங்கோ ஒரு கட்டடத்தில், மின்சாரத்துக்கு யாரோ பணங்கட்ட, குளிரூட்டிய அறையில் இயங்குங் கணனியே.

இதுவரை கூறியவற்றிலிருந்து, இணையம் செய்யாதவை எவை என்பதும் போதரும். அது சுமக்கும், சுமப்பதன் உண்மைக்கு அது பொறுப்பன்று. மெய்யான செய்தியும் பொய்யான செய்தியும் ஒரே அளவான பொதிகளாக ஒரே வேகத்திற் செல்கின்றன. அதுபோலவே, பொதி இயல்பில் தபாலட்டை போன்றது, வழியிலுள்ளார் படிக்கலாம். படியாவண்ணம் பூட்டியனுப்பும் முறையை 1976, 1977 ஆம் ஆண்டுகளில் அறிஞர் கண்டனர். யாவரும் பூட்டத்தக்க, ஆனால் உரியவர் ஒருவரே திறக்கத்தக்க பூட்டொன்றை நினைத்துக்கொள்க. வட்சப் 2016 முதல் செய்திகளை இவ்வாறே முனைக்கு முனை பூட்டி அனுப்புகின்றது. வங்கியின் பக்கத்திற் காணும் பூட்டுக் குறியும் வழியில் எவரும் படிக்கவில்லை என்பதையே காட்டும். மறுமுனையில் இருப்பவர் நல்லவரென்பதை அது காட்டாது. கள்வனும் தன் பக்கத்துக்குப் பூட்டுப் போடலாம், போடுகின்றான்.

எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு அவரது வங்கியிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியொன்று வந்தது. கணக்கு முடக்கப்படுமென்றும், கீழுள்ள இணைப்பைத் தொட்டு விவரம் தருமாறும் அதில் இருந்தது. இணைப்பின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருந்தது. பூட்டுக் குறியும் இருந்தது. அவர் இரகசிய எண்ணைக் கொடுத்தார். மூன்று மாத ஓய்வூதியம் அன்றிரவே போயிற்று. முப்பது ஆண்டு கணிதம் கற்பித்தவர் அவர், அறிவிற் குறைந்தவரல்லர். அப்பெயரை வலப்பக்கத்திலிருந்து படிக்கவேண்டும் என்பதை அவருக்கு எவருஞ் சொல்லவில்லை. தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விடுத்து, அதற்கப்பால் வரும் முதற் சாய்கோடு வரையுள்ளதே ஆள்களப் பெயர். அதன் வலக்கோடியில் உள்ளதே குடும்பப் பெயர். இடப்பக்கத்தில் எவர் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். வங்கியின் பெயர் இடக்கோடியில் இருந்து, வலக்கோடியில் அறியாத பெயரொன்று இருந்தால் அது வங்கியன்று. ஐயமிருப்பின் இணைப்பைத் தொடாது, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்பதே பாதுகாப்பு.

பேணிக்காத்தலும் இணையம் தானாகச் செய்யும் வேலையன்று. ‘ஜியோசிற்றீஸ்’ என்னும் பெருந்தளத்தில் உலகெங்குமுள்ளார் இலவசமாகப் பக்கங்கள் எழுதி வைத்திருந்தனர். 2009 ஒக்ரோபரில் அதனை நடத்திய நிறுவனம் அதை மூடிவிட்டது. ஆர்வலர் சிலர் முந்திக்கொண்டு படியெடுத்தவை தவிர மற்றவை போயின. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த நமக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதியை வைத்திருத்தலின் பொருள் சொல்லித் தெரியவேண்டியதன்று. 2005 இல் தொண்டர் சிலரால் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் கல்லூரி மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் படிக்க வைத்திருக்கின்றது. யான் பிறப்பதற்கு முன் அச்சான மலர்கள் சிலவற்றை அங்கேதான் படித்தேன்.

அப்பாச்சி தகரப் பெட்டியொன்றில் வைத்திருந்த கடிதங்களைச் சென்ற ஆண்டு யானும் படமெடுத்தேன். ஒரு பிரதி என் கணனியில், ஒன்று தனித் தட்டில், ஒன்று கனடாவிற் சித்தப்பாவிடம் இருக்கின்றது. 61 கடிதங்களில் 23 உம் 40 உம் இல்லை. அவற்றைத் தாம் அனுப்பியதும் பிரதியைக் கிழித்ததும் நினைவிருப்பதாக அவர் கூறுகின்றார்.

நம் கல்லூரி மலர்களுள்ளும் இத்தகைய இடைவெளிகள் உள. நூலக அலுமாரியில் இல்லாத பழைய இதழ் எதனையேனும் வைத்திருக்கும் அன்பர்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர்க்கு ஒரு வரி எழுதுவாராக. அட்டை கிழிந்திருப்பினும், பக்கங்களைப் பூச்சியரித்திருப்பினும் தடையில்லை. வெளிநாட்டிலிருப்போர் இதழை அனுப்பவேண்டுவதுமில்லை. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நேராக வைத்துக் கைத்தொலைபேசியாற் படமெடுத்து, பக்க எண் தெரியுமாறு வரிசையாக அனுப்பினாற் போதும்.